தைராய்டு புற்றுநோய் தாமதமாகத் தெரியவந்தால்: சட்டப்படி செய்யக்கூடியவை

கழுத்துக் கட்டியைக் காட்டி மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்ட பிறகு அது தைராய்டு புற்றுநோய் என்று தெரியவந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி "டாக்டர் மேல் கேஸ் போட முடியுமா?" என்பதாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. ஆனால் எந்த வழியில் சென்றாலும், மருத்துவர் கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்பதோடு, அதனால் ஏற்பட்ட தாமதம்தான் இன்ன பாதிப்பைத் தந்தது என்பதையும் நிரூபிக்க வேண்டும். தைராய்டு வழக்குகள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

காரணம் நோயின் இயல்பிலேயே இருக்கிறது. தைராய்டு புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படும் பாப்பிலரி வகை மெதுவாக வளர்வது. இப்போது நடைமுறையில் உள்ள வகைப்பாட்டின்படி, 55 வயதுக்குட்பட்டவருக்கு அது கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருந்தாலும், நுரையீரல், எலும்பு போன்ற தொலைவான உறுப்புகளுக்குச் செல்லாதவரை முதல் நிலை என்றே கணக்கிடப்படும். ஆகவே, "ஓராண்டு முன்பே கண்டுபிடித்திருந்தாலும் இதே அறுவை சிகிச்சையும் இதே ரேடியோ அயோடினும்தானே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். (ரேடியோ அயோடின் என்பது எஞ்சிய தைராய்டுச் செல்களை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க மருந்து.) அதற்குப் பதில் இருக்க வேண்டும். தாமதத்தால் கழுத்தின் பக்கவாட்டு நெறிக்கட்டிகளையும் அகற்ற நேர்ந்ததா, குரல் நரம்பைக் கட்டி பற்றிக்கொண்டதால் குரல் போனதா, இடைப்பட்ட காலத்தில் நுரையீரலுக்குப் பரவியதா என்பதைச் சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு, கூடுமானால் எழுத்தில் பெற வேண்டும். தைராய்டு புற்றுநோயின் இன்னொரு வகையான மெடுல்லரி ரேடியோ அயோடினுக்குக் கட்டுப்படாது, அறுவை சிகிச்சையையே பெரிதும் நம்பியிருக்கிறது. அதனால் அந்த வகையில் தாமதத்தின் விளைவைக் காட்டுவது ஓரளவு எளிது.

அடுத்தது, எது கவனக்குறைவு என்பது. அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் அதே சூழ்நிலையில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதே அளவுகோல். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஊசிப் பரிசோதனையான எஃப்.என்.ஏ.சி. சில வேளைகளில் புற்றுநோயைத் தவறவிடும். ஃபாலிகுலர் வகையில் கட்டி சாதாரணமானதா புற்றுநோயா என்பதை அந்தப் பரிசோதனையால் பிரித்துச் சொல்லவும் இயலாது. எனவே முடிவு தவறாக வந்தது என்பது மட்டும் குற்றமாகாது. மாறாக, ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு சரியாக இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு கட்டியை ஆராயாமல் அனுப்பியது, ஊசியில் போதிய செல்கள் கிடைக்கவில்லை என்று வந்த அறிக்கையைப் 'பயமில்லை' என்று எடுத்துக்கொண்டு மறுபரிசோதனை செய்யாதது, கழுத்து நெறிக்கட்டியைப் பரிசோதனையே இல்லாமல் காசநோய் என்று கொண்டு மாதக்கணக்கில் மருந்து கொடுத்தது ஆகியவை வலுவான குற்றச்சாட்டுகள். ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியை மறக்காமல் படியுங்கள். "எஃப்.என்.ஏ.சி. செய்து ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்று ரேடியாலஜிஸ்ட் எழுதியிருந்தும் யாரும் அதைப் பின்தொடராமல் விட்டிருந்தால், அந்த ஒரு வரியே வழக்கின் முதுகெலும்பாகிவிடலாம்.

ஆவணங்களை வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே திரட்டத் தொடங்குவது நல்லது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்காமல் கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட், ஸ்கேன் படங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஊசிப் பரிசோதனையின் ஸ்லைடுகள், பயாப்ஸி பிளாக்குகள் (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டுகள்) ஆகியவையும் தேவை. பழைய ஸ்லைடை வேறொரு நோய்க்குறியியல் வல்லுநர் மறுபடி பார்த்து, புற்றுநோய்ச் செல்கள் அப்போதே தெரிந்தன என்று எழுதிக் கொடுத்தால், வேறு எந்தச் சாட்சியும் அதற்கு ஈடாகாது. சோதனைக்கூடம் தனி நிறுவனமாக இருந்தால் அங்கும் தனியாகக் கேட்க வேண்டும். அறிகுறி தொடங்கிய நாள் முதல் நோய் உறுதியான நாள் வரை, யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார்கள், எந்தச் சீட்டு அதற்கு ஆதாரம் என்று தேதிவாரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கெடுவில் அலட்சியம் கூடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். பாதிப்பு பிற்பாடு தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து, அல்லது நியாயமான கவனத்தோடு இருந்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து காலம் ஓடத் தொடங்கும் என்பதை ஸ்ரீகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அதே வழக்கில், 1993-இல் நடந்த அறுவையில் வயிற்றில் விடப்பட்ட துணி 2002-இல்தான் எடுக்கப்பட்டது என்றபோதும், இத்தனை ஆண்டுகள் வலியோடு இருந்தும் அறுவை செய்த மருத்துவரை அணுகவில்லை என்பதைச் சுட்டிக்காட்டிப் புகாரைத் தள்ளுபடி செய்தது. புற்றுநோய் உறுதியான அறிக்கையின் தேதியிலிருந்தே 2 ஆண்டுகளை எண்ணிக்கொண்டு, அதற்கு வெகு முன்னதாகவே தாக்கல் செய்வதுதான் பாதுகாப்பு.

இழப்பீடு வேண்டுமெனில் பெரும்பாலோருக்கு ஏற்ற இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். அத்தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமே இல்லை. கேட்கும் இழப்பீட்டை வைத்து இது கணக்கிடப்படுவதில்லை. மருத்துவர், மருத்துவமனை, தேவையெனில் சோதனைக்கூடம் எனச் சம்பந்தப்பட்ட எல்லோரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்ப்பது நல்லது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயம் இல்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனாலும் தாமதத்துக்கும் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை நிபுணர் கருத்து இல்லாமல் நிலைநாட்டலாம் என்று நம்புவது, என் பார்வையில், வீண் துணிச்சல்.

எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை, 1995-ஆம் ஆண்டு சாந்தா வழக்கின் தீர்ப்புப்படி, நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. காப்பீட்டு நிறுவனம் பணம் செலுத்திய சிகிச்சை வரும். எனவே காப்பீட்டுத் திட்டத்தில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர், கையிலிருந்து பணம் போகவில்லையே என்று ஒதுங்கத் தேவையில்லை. அரசு மருத்துவமனை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி, உரிமையியல் நீதிமன்றத்தையோ, உயர் நீதிமன்றத்தையோ நாட வேண்டும். வக்கீலுக்குச் செலவு செய்ய இயலாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கொடுக்கும் புகாரால் மருத்துவரை எச்சரிக்கலாம், பதிவுப் பட்டியலிலிருந்து நீக்கவும் செய்யலாம், இழப்பீடு கிடைக்காது. போலீஸ் புகாரைப் பற்றி யோசிப்போர், குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும் என்பதையும், விசாரணை அதிகாரி முதலில் சார்பற்ற மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். நோய் கண்டறிவதில் ஏற்பட்ட தாமதம் அந்த அளவுக்குப் போவது அரிது.

வக்கீல் நோட்டீஸ் போனவுடன் மருத்துவமனை சமாதானம் பேச வருவதும் உண்டு. ஆணையமே சமரசத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அப்படி ஒப்பந்தம் எழுதும்போது, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவதற்கு முன், வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டிய தைராக்சின் மாத்திரை, தொடர் ரத்தப் பரிசோதனைகள், மீண்டும் தேவைப்படக்கூடிய ரேடியோ அயோடின், அந்த நாட்களில் இழக்கும் வருமானம் ஆகியவை அந்தத் தொகைக்குள் அடங்கியிருக்கின்றனவா என்று சிகிச்சை தரும் மருத்துவரிடமும் வக்கீலிடமும் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.