சமவாய்ப்புப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆகஸ்டிலும் புதிய ஆசிரியர்கள் சிலரின் வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலையின் ஒரு பகுதி. நான் வந்த புதிதில் செய்த அதே தவறுகளை அவர்களும் அதே நல்லெண்ணத்தோடு செய்வதைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். நேரத்துக்கு வருவது, பாடத்திட்டம் எழுதி வைப்பது போன்றவற்றை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் சொல்லிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில், கட்டணமின்றி நடக்கும் பொதுப் பள்ளி. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரும்பாலும் உள்ளூர்க் கல்வி மாவட்டத்திடம் அனுமதி பெற்று, தனக்கென ஓர் ஆட்சிக்குழுவோடு இயங்கும். இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடக்கும். அவற்றுள் சில, ஏழைக் குடும்பங்கள், புதிதாகக் குடியேறியவர்கள், கறுப்பின மற்றும் லத்தீனோ குழந்தைகள் ஆகியோருக்குச் சமவாய்ப்பு தருவதையே நோக்கமாக அறிவித்துக்கொண்டவை. நான் பேசுவது அத்தகைய பள்ளிகளைப் பற்றி.

இரக்கப்பட்டுப் பாடத்தை எளிதாக்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஏழாம் வகுப்புக் கணக்கு ஒன்று: கால் மணி நேரத்தில் ஐந்தில் இரண்டு மைல் நடப்பவர், இரண்டு மைல் நடக்க எவ்வளவு நேரமாகும்? ஓர் இளம் ஆசிரியை இந்தக் கணக்கின் கீழே மூன்று வரிகளை அச்சிட்டுக் கொடுத்திருந்தார். முதல் வரியில் இரண்டை ஐந்தில் இரண்டால் வகுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இரண்டாம் வரியில் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கும்படி அம்புக்குறி போட்டிருந்தது. மூன்றாம் வரியில் வந்த விடையைக் கால் மணியால் பெருக்குவதற்கான கட்டம் காலியாக இருந்தது. பிள்ளைகள் கட்டங்களை நிரப்பினார்கள், எல்லாருக்கும் முழு மதிப்பெண். எதற்காக வகுக்கிறோம் என்று ஒரு பையனிடம் கேட்டேன், அம்புக்குறியைக் காட்டினான்.

அந்தக் கணக்கில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு மைலுக்குள் ஐந்தில் இரண்டு மைல் எத்தனை முறை அடங்குகிறது? அந்த யோசனையை ஆசிரியை தாமே செய்து முடித்துவிட்டுப் பெருக்கல் வாய்ப்பாட்டை மட்டும் பிள்ளைகளுக்கு மிச்சம் வைத்திருந்தார். அடுத்த அறையில் அதே கணக்கை எந்தக் கட்டமும் இல்லாமல் கொடுத்திருந்தார்கள். அங்கே ஆங்கிலம் இன்னும் திக்கும் ஒரு சிறுமி நீளமாக ஒரு கோடு போட்டு, இரண்டு மைலைப் பத்துத் துண்டுகளாக்கி, இரண்டிரண்டாகச் சுழித்து, ஒவ்வொரு சுழிப்பின் மேலும் பதினைந்து என்று எழுதி, ஐந்து சுழிப்புக்கு எழுபத்தைந்து நிமிடம் என்று முடித்திருந்தாள். வகுத்தல் குறியையே அவள் தொடவில்லை. அந்த வகுப்பின் ஆசிரியர் கொடுத்த உதவி, கேள்வியை இருமுறை உரக்கப் படித்துக் காட்டியதும் 'மைல்' எவ்வளவு தூரம் என்று தெருப்பெயர் சொல்லி விளக்கியதும் மட்டுமே.

இது ஓர் ஆசிரியையின் தனிப்பழக்கம் அன்று. டி.என்.டி.பி. என்ற கல்வி அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாணவர்கள் தமக்குக் கொடுக்கப்பட்ட வகுப்புப் பணிகளில் 71 சதவீதத்தில் கேட்டதைச் செய்து முடித்திருந்தார்கள். ஆனால் அதே பணிகளில் தம் வகுப்புக்குரிய தரத்தை எட்டியது 17 சதவீதத்தில் மட்டுமே. பிள்ளையின் ரிப்போர்ட் கார்டில் 'ஏ' இருப்பதைப் பார்த்துத் தாய் நிம்மதியாகத் தூங்குகிறார். வசந்தகாலத்தில் நடக்கும் மாநிலத் தேர்வில் அம்புக்குறி இருப்பதில்லை. சார்ட்டர் பள்ளிக்கு இதில் இன்னொரு விலையும் உண்டு. 2019இல் வந்த ஏ.பி. 1505 சட்டம் அனுமதிப் புதுப்பிப்பின்போது பள்ளிகளை அவற்றின் கல்விநிலைப்படி மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. கடைசி அடுக்கில் விழுந்த பள்ளிக்குப் புதுப்பிப்பு மறுக்கப்படுவதே பொதுவிதி, விலக்குக் கிடைத்தாலும் இரண்டே ஆண்டுகள்தான்.

இதை எடுத்துச் சொன்னால், 'அந்தப் பையன் வீட்டுநிலை உங்களுக்குத் தெரியாது' என்று பதில் வரும். தெரியும். வீட்டுநிலை தெரிந்த ஆசிரியர் காலைச் சிற்றுண்டி கிடைக்கச் செய்யலாம், வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்க நேரம் ஒதுக்கலாம், கேள்வியைப் படித்துக் காட்டலாம். கேள்வியையே மாற்றுவதற்கு வீட்டுநிலை காரணமாகாது. உதவி தருவதானால், அதை எந்த வாரத்தில் திரும்ப எடுக்கப்போகிறோம் என்பதையும் பாடத்திட்டத்தில் எழுதி வையுங்கள். எடுக்கும் தேதி எழுதப்படாத உதவி, கல்வியாண்டு முடியும் ஜூன் வரை அப்படியே இருக்கும்.

ஐ.இ.பி.யை மேலோட்டமாகப் படிப்பது

மேற்சொன்ன தவறு இங்கே சட்டச் சிக்கலாகவும் மாறும். சிறப்புக் கல்வி பெறும் மாணவருக்கான ஐ.இ.பி. என்னும் தனித்திட்டம் மாற்றுத்திறனுள்ள மாணவர்களின் கல்விக்கான மத்திய அரசின் ஐ.டி.இ.ஏ. சட்டத்தால் பள்ளியைக் கட்டுப்படுத்துவது. சார்ட்டர் பள்ளிக்கு விலக்கு இல்லை. அதில் 'கூடுதல் நேரம்' என்று இருந்தால் கூடுதல் நேரம்தான் தர வேண்டும். ஒரு புதியவர் கூடுதல் நேரத்துக்குப் பதிலாகப் பத்துக் கேள்வியை ஐந்தாகக் குறைத்துவிட்டு, இரண்டும் ஒன்றுதானே என்றார். ஒன்றல்ல; பாடத்தின் அளவையோ தரத்தையோ மாற்றுவது பெற்றோரும் அமர்ந்திருக்கும் ஐ.இ.பி. கூட்டத்தின் முடிவு, ஆசிரியரின் சொந்த முடிவு அன்று.

பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது

வேண்டாம். தன்னைப் பற்றிய புகாரைத் தானே தாய்க்கு மொழிபெயர்க்கும் பன்னிரண்டு வயதுக் குழந்தை எதைச் சொல்லும், எதை விழுங்கும் என்பது ஊகிக்கக்கூடியதே. மத்திய நீதித்துறையும் கல்வித்துறையும் 2015இல் பள்ளிகளுக்கு எழுதிய கடிதத்திலேயே, மாணவர்களையும் உடன்பிறந்தோரையும் இதற்கு நம்பக் கூடாது என்று சொல்லியிருந்தன. எந்த மொழி என்பதையும் கேட்டறியுங்கள். குவாத்தமாலாவிலிருந்து வந்த ஒரு தாய்க்கு ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை வைத்து அரைமணி நேரம் பேசினோம், அவரும் தலையசைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய தாய்மொழி மாயன் மொழிகளுள் ஒன்றான மாம் என்பதும், ஸ்பானிய மொழி அவருக்கு அரைகுறை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

குடியேற்ற நிலையைக் கேட்பது

கேட்காதீர்கள். ஆவணமில்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளி உரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் 1982இல், பிளைலர் வழக்கில், தீர்ப்பளித்துவிட்டது.

எதிர்த்துப் பேசியதற்கு இடைநீக்கம் கோருவது

2024 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்தக் காரணத்துக்காக இடைநீக்கம் செய்ய முடியாது. சார்ட்டர் பள்ளிக்கும் இது பொருந்தும்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது

மாவட்டப் பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்கும் பணி நிரந்தரம் சார்ட்டர் பள்ளியில் தானாக வருவதில்லை. சங்கம் உண்டா, ஒப்பந்தம் ஓராண்டுக்கா, ஓய்வூதியம் மாநில ஆசிரியர் ஓய்வூதிய அமைப்பான கால்ஸ்டர்ஸில் சேருமா, சனிக்கிழமை வகுப்புக்குத் தனிச் சம்பளம் உண்டா என்ற நான்கையும் நேர்முகத்தேர்விலேயே கேளுங்கள். நோக்கத்தின்மேல் பற்றுள்ளவர்கள் இவற்றைக் கேட்கக் கூச்சப்பட்டு, மூன்றாம் ஆண்டில் களைத்துப்போய் விலகுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்குப் பதிலாக வருகிறவர் மறுபடியும் அம்புக்குறி போட்ட தாளோடுதான் வகுப்புக்குள் நுழைகிறார்.