புது டெலஸ்கோப்ப மொட்டை மாடில வெச்சு முதல்ல எத பாக்கறது, எப்படி பாக்கறது

ஆசையா வாங்கின டெலஸ்கோப் நிறைய வீட்ல பரண்ல தூங்குது. டெலஸ்கோப் மட்டம்னு இல்லங்க, பெட்டி மேல 525 மடங்குன்னு போட்டிருக்கறத நம்பி முதல் நாளே இருக்கறதுலயே சின்ன நம்பர் ஐபீஸ (கண்ண வெச்சு பாக்கற குட்டி லென்ஸ்) மாட்டி வானத்துல எங்கயோ திருப்பி பாத்தா ஒண்ணுமே தெரியாது, அதோட ஆர்வம் போயிடும். இத படிச்சுட்டு மாடிக்கு போறவங்க முதல் ராத்திரியே நிலாவோட பள்ளத்த பாத்துடணும், அதான் என் ஆசை.

நிறைய பேர் கைல இருக்கறது 70 மி.மீ. அகல லென்ஸ், 700 மி.மீ. ஃபோகல் லென்த் (லென்ஸ்லேந்து படம் விழற இடம் வரைக்கும் உள்ள தூரம்) உள்ள டெலஸ்கோப், அத வெச்சே சொல்றேன். ஃபோகல் லென்த்த ஐபீஸ் நம்பரால வகுத்தா எத்தன மடங்குன்னு வந்துடும். 25 மி.மீ. ஐபீஸ்னா 28 மடங்கு, 10 மி.மீ.னா 70 மடங்கு. லென்ஸ் அளவுக்கு ரெண்டு மடங்கு வரைக்கும் தான் படம் தாங்கும், அதாவது 140. அந்த 525 எப்படி வருதுன்னா, 4 மி.மீ. ஐபீஸோட 3எக்ஸ் பார்லோ லென்ஸ (மடங்க மூணு மடங்கு ஏத்தற கூடுதல் லென்ஸ்) சேத்து போட்ட கணக்கு, கணக்கு சரிதான், ஆனா கண்ணுக்கு தெரியறது மங்கலான ஒரு திட்டு மட்டும்தான். அதனால எத பாக்கறதா இருந்தாலும் முதல்ல 25 மி.மீ. தான், இத மட்டும் மறக்காதீங்க.

பகல்லயே முடிக்க வேண்டிய வேலை

மேல ஒட்டிட்டு இருக்கற, குறி பாக்கற குட்டி ஃபைண்டரும் பெரிய குழாயும் ஒரே இடத்த பாக்கணும், இத செட் பண்ணாம ராத்திரி போனா தேடியே பொழுது போயிடும். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கற செல்போன் டவரோட உச்சிய 25 மி.மீ. ஐபீஸ்ல நடுவுல கொண்டு வாங்க, ஸ்டாண்ட டைட் பண்ணுங்க, இப்ப குழாய தொடாம ஃபைண்டர சுத்தி இருக்கற ஸ்க்ரூவ மட்டும் திருகி திருகி அதே உச்சி கிராஸ் கோட்டுல வர்ற மாதிரி பண்ணுங்க. அப்புறம் 10 மி.மீ. மாட்டி இன்னொரு தடவ சரி பாத்துடுங்க.

பகல்ல வேலை பாக்கும்போது சூரியன் இருக்கற பக்கம் குழாய திருப்பவே கூடாது, ஃபைண்டரயும் தான். ஒரு நொடி போதும், பார்வை போயிடும். சில செட்டுல ஐபீஸ்ல மாட்டற சன் ஃபில்டர் ஒண்ணு குடுப்பாங்க, சூடுல அது விரிசல் விடும், அத தூக்கி போட்டுடுங்க. குழந்தைங்க இருக்கற வீடுன்னா டெலஸ்கோப்ப வெயில்ல தனியா விட்டுட்டு கீழ இறங்காதீங்க.

ராத்திரி

அர மணி நேரம் முன்னாடியே வெளில எடுத்து வெச்சுடுங்க. மாடி தளம் பகல் சூட்ட கக்கிட்டே இருக்கும், அதுல படம் தண்ணிக்குள்ள பாக்கற மாதிரி நெளியும், ஒம்பது பத்து மணிக்கு மேல கொஞ்சம் அடங்கும். ஜன்னல் கண்ணாடி வழியா பாக்கவே வேண்டாம். ஸ்டாண்டு ஆடுச்சுன்னா கால் மூணயும் கொஞ்சமா விரிச்சு நடுவுல ஒரு தண்ணி கேன தொங்க விடுங்க, நல்ல வித்தியாசம் தெரியும்.

முதல்ல நிலா. பௌர்ணமி அன்னைக்கு பாக்காதீங்க, வெளிச்சம் நேரா விழறதால நிழலே இருக்காது, தட்டையா தெரியும். வளர்பிறை அஷ்டமிய ஒட்டின நாள் தான் அருமை, சாயங்காலமே உச்சில நிக்கும். வெளிச்சமும் இருட்டும் சேர்ற அந்த கோட்டுல கண்ண வைங்க. ஃபோகஸ மெதுவா திருகி, கைய எடுத்துட்டு, ஆட்டம் நிக்கற வரைக்கும் பொறுத்து பாருங்க. வரிசையா மூணு பெரிய பள்ளம் தெரிஞ்சா அதுல பெருசு டாலமியஸ், குறுக்களவு 150 கிலோமீட்டருக்கு மேல. இருட்டு பக்கத்துல தனியா ஒரு வெள்ள புள்ளி மின்னுச்சுன்னா அது மலை உச்சி, அடிவாரத்துக்கு இன்னும் விடியல! அர மணி நேரம் விட்டு மறுபடி பாருங்க, அந்த புள்ளி கொஞ்சம் பெருசாயிருக்கும்.

அடுத்து வியாழன். மினுக்காம பளிச்சுன்னு நிக்கும், சந்தேகம்னா ஸ்டெல்லேரியம்ங்கற வான வரைபட ஆப்ல பாத்துக்கோங்க. 28 மடங்குலயே குட்டி வட்டமும் ஒரே நேர்கோட்டுல நாலு புள்ளியும் தெரியும், 1610 ஜனவரில கலிலியோ பாத்த அதே நாலு நிலா. சில நாள் ஒண்ணு ரெண்டு கொறச்சலா இருக்கும், முன்னாடியோ பின்னாடியோ ஒளிஞ்சிருக்கும். ஒரு நோட்டுல வரஞ்சு வெச்சுட்டு மறுநாள் பாருங்க, இடம் மாறியிருக்கும், அதுல அயோங்கற நிலா ரெண்டு நாளுக்குள்ளயே ஒரு சுத்து முடிச்சுடும். 10 மி.மீ. போட்டா வட்டத்து மேல ரெண்டு பட்டை லேசா தெரியும், ஆனா பூமி சுத்தறதால மூணு நிமிஷத்துக்குள்ள வியாழன் ஓரத்துக்கு ஓடிடும், அதனால அது வர்ற ஓரத்துல வெச்சுட்டு கைய எடுத்துடுங்க, அதுவா குறுக்க நகரும்.

சனி வளையம் 70 மடங்குல தெரியும். 2025 மார்ச்ல வளையம் விளிம்பு பக்கமா திரும்பி கிட்டத்தட்ட காணாமப்போச்சு, இப்ப வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சுட்டு வருது, அதனால ஃபோட்டோல பாத்த அகலத்த எதிர்பாக்காதீங்க.

ஜனவரிலேந்து மார்ச் வரைக்கும்னா ஓரியன் கண்டிப்பா பாக்கணும், திருவாதிரை நட்சத்திரம் இருக்கற அந்த கூட்டம் தான். இடுப்புல மூணு நட்சத்திரம் வரிசையா இருக்கும், அதுலேந்து தொங்கற வாள் நடுவுல 25 மி.மீ. வெச்சா சாம்பல் நிறத்துல ஒரு புகை மாதிரி தெரியும், கலர் தெரியாது. 1,300 ஒளியாண்டுக்கு மேல தள்ளி புது நட்சத்திரம் பொறக்கற இடம் அது. இதுக்கு கண்ணு இருட்டுக்கு பழகணும், இருபது நிமிஷம் ஃபோன தொடாதீங்க, நேரா முறைக்காம ஓரக்கண்ணால பாருங்க, இன்னும் விரிவா தெரியும்.

முடிச்சதும் லென்ஸ்ல பனி படிஞ்சிருந்தா துணி வெச்சு தொடைக்காதீங்க, கோட்டிங் போயிடும். குழாய லேசா கீழ சாச்சு வீட்டுக்குள்ள வெச்சு, தானா காஞ்சப்புறம் மூடிய போடுங்க.