வாளியைக் கலக்கிவிட்டு எடுங்கள்: கார்பன் நானோ குழாயைச் சுத்தம் செய்வது

சுங்கை சிப்புட் தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டிய நாளில், பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்துத்தான் கூலி. மாதிரி எடுப்பதற்குமுன் வாளியை அடிவரை கலக்கச் சொல்லி நிற்பார். ஆய்வுக்கூடத்தில் எனக்கு முதலில் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான். இந்த ஊரிலிருந்து ஆய்வுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

கார்பன் நானோ குழாய் என்பது கார்பன் அணுக்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய். அதை உருவாக்கும் உலையிலிருந்து வரும் கரியில் குழாய்களோடு ஒழுங்கான அமைப்பில்லாத, உருவமற்ற கார்பனும் வினையூக்கியான இரும்பும் கலந்திருக்கும். இரும்புத் துகளைக் கார்பன் ஓடு மூடியிருப்பதால், எடுத்த எடுப்பில் அமிலம் ஊற்றிப் பயனில்லை. தூளைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, காற்றில் 300 டிகிரி செல்சியஸ் அளவில் வாட்டுங்கள். இரும்பு ஆக்சைடாகிப் பருக்கும். ஓடு விரிசல் விடும். சூட்டை ஏற்றிவிடாதீர்கள், எரிவதைத் தூண்டுவதே அந்த இரும்புதான். நான் ஒருமுறை 500 டிகிரிக்கு வைத்துவிட்டேன். உலையைத் திறந்தபோது தட்டில் செங்கல் நிறத்தில் ஒரு சிட்டிகைத் தூள் கிடந்தது. குழாய் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பிறகு ஐட்ரோகுளோரிக் அமிலத்தில் சில மணி நேரம் கிளறுங்கள். பால் உறைய அமிலம் ஊற்றிப் பழகிய கையானாலும் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். உலர்ந்த தூள் மூச்சில் போகக்கூடாது. இரும்பு கரையக் கரைய நீர் மஞ்சளாகும். டெஃப்லான் சவ்வில் வடிகட்டி, வடியும் நீர் நிறமற்று, அமிலத்தன்மையும் போகும்வரை கழுவி உலர்த்துங்கள். நைட்ரிக் அமிலம் விரைவாக வேலை செய்யும், ஆனால் குழாய்ச் சுவரையும் அரிக்கும். நான் அதைத் தொடுவதில்லை.

தூய்மையைப் பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மின்னணு நுண்ணோக்கிப் படம் அழகாக இருக்கும். அது காட்டுவதோ கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியிடம். லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலையில், ஒழுங்கான கார்பனைக் காட்டும் ஜி முகட்டை விட (1,590 செ.மீ⁻¹ அருகில்) குறைபாட்டைக் காட்டும் டி முகடு (1,350 செ.மீ⁻¹ அருகில்) மிகச் சிறிதாக இருந்தால் நல்லது. ஆனால் அதில் இரும்பின் அளவு தெரியாது. அதற்கு, சூடேற்றும்போது எடை மாறுவதை அளக்கும் வெப்ப எடையளவி வேண்டும். சில மில்லிகிராமைக் காற்றில் 800 டிகிரிவரை எரியுங்கள். மிஞ்சுவது இரும்பு ஆக்சைடு, அதன் எடையில் ஏறக்குறைய 70 விழுக்காடே இரும்பு என்பதால் 0.7ஆல் பெருக்குங்கள்: 10 விழுக்காடு மிஞ்சினால் இரும்பு 7.

புட்டியின் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் மாதிரி எடுத்து, மூன்று எண்களையும் எழுதுங்கள். அவை ஒன்றுக்கொன்று விலகி நின்றால், புட்டியில் உள்ளதை நன்றாகக் கலந்து, திரும்ப எடுங்கள்.