"அந்த மக்கள்" என்று சொல்லிவிட்டு வந்தவன் எழுதுவது

ஞாயிற்றுக்கிழமைகளில், இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஹட்டனில், அரசின் நிர்வாக சேவை நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்பது சில காலமாக என் வேலை. சம்பளம் இல்லை, பிளேன்டீ உண்டு. போன வாரம் ஒரு தம்பி இரண்டாவது வசனத்திலேயே என் நேர்முகத்தில் நான் உளறியதை அச்சு மாறாமல் உளறினார், அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். சான்றிதழ் மூலப்பிரதி, நேரத்துக்குப் போவது, சப்பாத்துக்குப் பொலிஷ் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

சொந்த வீட்டை எட்டி நின்று பார்ப்பது

என்னிடம் கேட்டது மிகச் சாதாரணக் கேள்வி. "தோட்டத்துப் பாதைகள் ஏன் இப்படிக் கிடக்கின்றன?" நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்த மக்களிடம் விழிப்புணர்வு குறைவு, கல்வியில் பின்தங்கியவர்கள், தங்கள் உரிமையைக் கேட்கத் தெரியாது" என்று வகுப்பில் பாடமாக்கியதை ஒப்பித்தேன். குழுவில் இருந்த அம்மா என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி பிறந்தது எங்கே?" என்றார். லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில். அந்த "அந்த மக்களில்" ஒருத்தியான என் அம்மா, நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்று கொழுந்துக் கூடையோடு ஓடி என்னைப் படிக்க வைத்தவர். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்டது எதுவும் காதில் ஏறவில்லை, அந்த முறை போச்சு.

இதில் இரண்டு தவறு. ஒன்று, பதிலே பிழை. பாதை போன்ற உள்ளூர் வேலைகளைப் பார்க்கும் பிரதேச சபைகளுக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் 33ஆம் பிரிவு கிராமங்களைப் பற்றித்தான் பேசியது, தோட்டக் குடியிருப்பு அந்தக் கணக்கில் வராது, ஆகவே சபை நினைத்தாலும் தன் காசை அங்கே செலவழிக்க வழியில்லை. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். நான் போனது அதற்கு முன்னால். சட்டத்தில் இருந்த ஓட்டையை என் அம்மாவின் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். மற்றது அதைவிட மோசம்: நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு உதவிப் பிரதேச செயலாளராக உட்காரும்போது கடுதாசியோடு வரும் ஆளை எப்படிப் பார்ப்பான் என்று அவர்கள் எடை போடுகிறார்கள். தன்னையே வெளியாளாகப் பார்ப்பவனை எந்தக் கதிரையில் வைப்பது?

இதற்காக மறுபக்கம் சாயவும் வேண்டாம். ஒரு தங்கச்சி எந்தக் கேள்விக்கும் லயம், மழை, ஒழுகும் தகரம் என்றே பதில் சொன்னார். எல்லாம் உண்மைதான், ஆனால் அது மனுக் கொடுப்பது மாதிரி இருந்தது. கஷ்டத்தைச் சொல்லுங்கள், அதிலிருந்து நிர்வாகம் எப்படி ஓடுகிறது என்று நீங்கள் கண்டுகொண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் ஒரு நேர்முக அழைப்பு எத்தனை நாள் பிந்தும் என்று கதிரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும், அதைச் சொல்லுங்கள்.

போவதற்கு முன் ஒரு கொப்பியில், நீங்கள் எடுத்த முடிவுகளில் பிழைத்துப்போன இரண்டை எழுதுங்கள். யார் மேல் பழி போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள், அங்கேதான் கை நிற்கும். பிறகு உங்களைத் திட்டக் கூச்சப்படாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். நான் என் அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் பேசவில்லை, அப்புறம் திருத்தினேன்.

"உங்கள் பலவீனம் என்ன?"

"அதிகமாக உழைப்பது" என்று மட்டும் சொல்லாதீர்கள். சிரித்துவிடுவார்கள்.

சிங்களம் சரளம்

விண்ணப்பத்தில் அப்படி எழுதினால் அடுத்த கேள்வி சிங்களத்தில் வரும். சந்தையில் பேசும் அளவு தெரியும் என்றால் அதையே சொல்லுங்கள்.

பொழுதுபோக்கு: வாசிப்பு

கடைசியாக எதை வாசித்தீர்கள்? பரீட்சை வழிகாட்டி கணக்கில் வராது.