பதின்ம வயதுக் கர்ப்பம்: வீட்டுப் பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் குழந்தை எடை குறைவாகப் பிறந்தால், "வயது பத்தாது, வேறென்ன?" என்று சொல்லிவிட்டு வீட்டார் எழுந்து போய்விடுகிறார்கள். அது பாதி உண்மைதான். பதினைந்து, பதினாறு வயதில் இடுப்பெலும்பு முழுதாக வளர்ந்திருக்காது. வளரும் உடம்பும் வயிற்றுப் பிள்ளையும் ஒரே தட்டுச் சோற்றுக்குப் போட்டி போடும். ரத்தக் கொதிப்பு, பிரசவ ஜன்னி என்னும் வலிப்பு, 37 வாரம் நிறையாத பிரசவம், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடை ஆகியவை பதின்ம வயதுத் தாய்மாரிடம் கூடுதலாகவே காணப்படுகின்றன. ஆனால் பதினெட்டு, பத்தொன்பதை எட்டிய பெண்ணுக்கு வரும் கெடுதலில் கணிசமான பங்கு வறுமையாலும், ரத்தசோகையாலும், தாமதமான பரிசோதனையாலும், கேட்க ஆளில்லாத தனிமையாலும் வருவது. வயதை இனி மாற்ற முடியாது. மற்றவற்றை மாற்றலாம், அவை பெரியவர்கள் கையில் இருக்கின்றன.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 6.3 சதவீதம் பேர் அப்போதே தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தார்கள். எனவே இது எங்கோ நடக்கும் சங்கதி என்று உசிலம்பட்டிக்காரரும் சொல்ல முடியாது, மேலூர்க்காரரும் சொல்ல முடியாது, மதுரை நகரத்துக்காரரும் சொல்ல முடியாது.

இருக்கிற தவறுகளிலேயே பெரியது மறைப்பது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் பெண்ணிடம் வயதைக் கேட்பார். மாமியார் முந்திக்கொண்டு "பத்தொன்பது முடிந்துவிட்டது" என்பார். பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டத்துக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் பணத்துக்காக வயதைக் கூட்டிச் சொல்கிறவர்கள் உண்டு. வழக்கு வந்துவிடுமே என்று பயந்து கூட்டுகிறவர்கள் அதைவிட அதிகம். சிலர் ஐந்து மாதம் வரை மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. 12 வாரத்துக்குள் பதிவு செய்தால்தான் முதல் ஸ்கேனில் மாதக்கணக்கு சரியாகத் தெரியும். கணக்குத் தப்பினால், பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததா, மாதம் நிறைந்தும் வளராமல் பிறந்ததா என்று பின்னால் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. உண்மை வயது தெரிந்தால் மருத்துவர் ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்ப்பார், பிரசவத்தைப் பெரியாஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளச் சொல்வார். பொய் வயதுக்குப் பொய்யான கவனிப்புதான் கிடைக்கும்.

வழக்கைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடலாம். பெண்ணுக்கு 18 நிறையவில்லை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மருத்துவமனை போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். திருமணம் ஆகியிருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஆனால் போலீஸ் சீட்டு வந்தால்தான் வைத்தியம் என்று அவசரச் சிகிச்சையை நிறுத்திவைக்க எந்த மருத்துவமனைக்கும் அதிகாரம் கிடையாது. கர்ப்பத்தைத் தொடர விரும்பாத 18 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு, பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு 24 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்புச் செய்துகொள்ள வழியிருக்கிறது. அப்படி வருகிற பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், தகவல் கொடுக்கும் மருத்துவர் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இது தெரியாமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் நள்ளிரவில் ஆட்டோ தேடுவதுதான் உயிருக்கு உலை வைக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசலாம்.

அடுத்தது சாப்பாடு. "அதிகம் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டம்" என்று சோற்றைக் குறைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இடுப்பு குறுகலாக இருந்தால் அதற்கு வழி மருத்துவமனையில் இருக்கிறது. பட்டினி போட்டால் இடுப்பு விரியாது, பிள்ளைதான் சுருங்கும். புது மருமகள் எல்லோரும் உண்டபிறகு கடைசியாக உட்காரும் வீடுகளில் குழம்பில் கிடந்த கறித்துண்டு அதற்குள் தீர்ந்திருக்கும். இதை மாற்ற எந்தத் திட்டமும் வேண்டாம், இலை போடும் வரிசையை மாற்றினால் போதும்.

மதுரைக்காரர்களுக்கு ரத்தம் ஊற வேண்டும் என்றால் உடனே சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல் நினைவுக்கு வரும். நல்லதுதான், அதில் இரும்புச்சத்து நிறைய. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை வறுத்துக் கொடுத்துவிட்டு மாத்திரையை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தால் பயனில்லை. மாநிலத்தில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது அதே ஆய்வு. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7க்குக் கீழே போனால் அது ஆபத்துக் கட்டம். இரும்புச்சத்து மாத்திரை தினமும் ஒன்று வீதம் குறைந்தது 180 நாள் எடுக்க வேண்டும், சோகை இருந்தால் மருத்துவர் கூட்டித் தருவார். மலம் கருப்பாகப் போவது மாத்திரையின் இயல்பு, பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்பது வெறும் பேச்சு. டீயோடும் காபியோடும் விழுங்கினால் சத்து உடம்பில் சேராது; கால்சியம் மாத்திரையையும் கூடவே போடக்கூடாது, அதற்கு வேறு நேரம். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ துணைக்கு நல்லது. குமட்டினால் இரவு சாப்பிட்டபின் போட்டுக்கொண்டு படுத்துவிடலாம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்புவது நம் வழக்கம். அதைக் குறை சொல்லவில்லை. அம்மாவின் கைச்சோறு வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் கொதிப்பு தலைதூக்குகிற மாதங்களும் அவைதான். பேரையூரில் பதிவு செய்த பெண் வாடிப்பட்டிக்குப் போய்விட்டால், அங்குள்ள கிராம சுகாதார செவிலியருக்கு அவளைத் தெரியாது. தாய்சேய் நல அட்டை மாமியார் வீட்டுப் பீரோவில் இருக்கும். வளையலோடு அட்டையையும் கொடுத்தனுப்புங்கள், போய்ச் சேர்ந்த வாரமே அங்கே காட்டச் சொல்லுங்கள். வீட்டை எதிர்த்துக் காதல் திருமணம் செய்த பெண்ணுக்கு இந்தத் தாய்வீடும் கிடையாது. கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, கணவன் அடிக்கிறானா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் அவளைக் கூட்டிப் போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, கூடாது, அவ்வளவுதான்.

காலில் நீர் போட்டிருக்கிறது என்று உப்பைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதும் தவறு. முகம் வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90ஐத் தொட்டால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்ற பேச்சே கூடாது. வலிப்பு வந்தபின் மந்திரிக்கக் கூட்டிப்போன வீடுகளும் இருக்கின்றன. அப்போது கூப்பிட வேண்டியது 108.

பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பதைக் கைவிடுங்கள். தேனும் சர்க்கரைத் தண்ணீரும் எடை குறைந்த குழந்தைக்குத் தொற்றைக் கொண்டுவரும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால்தான். அந்தக் குழந்தையை உடனே குளிப்பாட்டவும் வேண்டாம். தாயின் மார்போடு, தோலோடு தோல் ஒட்ட வைத்திருந்தால் உடல் சூடு தங்கும். தாய் களைத்துப் படுத்தால் தகப்பனும் அப்படி வைத்துக்கொள்ளலாம்.

பிறகு, 'ஒன்று போதுமா?' என்று ஊரார் கேட்கத் தொடங்குவார்கள். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். கருத்தடைக்கான காப்பர்-டியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். எது ஒத்துவரும் என்பதை அந்தப் பெண்ணிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த இடைவெளியில் விட்டுப்போன பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேர்வு நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருந்தால் போதும்.