திகில் பட ரீமேக்குகளைப் பார்த்து மதிப்பிடுவது எப்படி?

ரீமேக் என்று நாம் அழைக்கும் மறுஆக்கப் படம் வெளியாகும்போதெல்லாம் "ஒரிஜினல் மாதிரி இல்லை" என்ற ஒரே தீர்ப்பு எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. காதல் கதைக்கோ குடும்பக் கதைக்கோ அந்தத் தீர்ப்பு ஓரளவு பொருந்தலாம். திகில் படத்துக்கு அது பொருந்தாது. கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று தெரிந்துவிட்ட பார்வையாளரிடம் அதே கதவை அதே விதமாக மறுபடியும் திறந்து காட்டினால், முதல் முறை எழுந்த அச்சம் எழாது. ஆகவே மூலத்தை அப்படியே பின்பற்றும் திகில் படம் பெரும்பாலும் தோற்கிறது, துணிந்து மாற்றிய படம் சில வேளைகளில் மூலத்தையே மிஞ்சுகிறது. எது எவ்வளவு மாறியது என்று கணக்கெடுப்பதைவிட, மூலத்தின் அச்சம் எந்த வேரில் நிற்கிறது, அந்த வேர் புதிய மண்ணில் பிடித்ததா என்று பார்ப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் பார்ப்பதற்கு நான் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன்.

பார்க்கும் வரிசை

இயன்றவரை மூலப்படத்தை முதலில் பாருங்கள். தமிழ்ப் பார்வையாளர் பலருக்கு இது எப்போதும் வாய்ப்பதில்லை. 1993இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படமான 'மணிச்சித்ரதாழ்' படத்துக்கு முன்பே அதன் தமிழ் மறுஆக்கமான 2005இன் 'சந்திரமுகி'யைப் பார்த்தவர்களே நம்மில் அதிகம். அப்படி வரிசை மாறியிருந்தால், இரண்டையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பார்க்காமல் சில நாட்கள் இடைவெளி விட்டு மூலத்தைத் தனியாகப் பாருங்கள். இல்லையென்றால், ஒவ்வொரு காட்சியிலும் மனம் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும், அஞ்சுவதற்கு அதற்கு நேரம் இருக்காது.

மொழிமாற்றிய குரலுடன் பார்ப்பதைத் தவிர்த்து, மூலக் குரலோடு வசன வரிகளை வாசித்துப் பார்ப்பது நல்லது. திகில் படத்தில் மூச்சும் தயக்கமும் குரலின் நடுக்கமும் நடிப்பின் பாதி. அவற்றைப் பின்னணிக் குரல் கொடுப்பவர் மீட்டுத் தருவது அரிது. பகல் வெளிச்சத்தில், பேருந்துப் பயணத்தில், கைபேசித் திரையில் பார்த்துவிட்டு "ஒன்றும் பயமாக இல்லை" என்று சொல்வது அந்தப் படத்துக்கு இழைக்கும் அநீதி. இருட்டை நம்பி ஒளிப்பதிவு செய்யப்பட்ட காட்சிக்கு இருட்டான அறையாவது வேண்டும்.

அச்சத்தின் வேரை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

மூலப்படம் முடிந்ததும் ஒரு தாளை எடுத்து, இந்தப் படத்தில் நான் எதற்கு அஞ்சினேன் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பேயின் பெயரையோ உருவத்தையோ அந்த வாக்கியத்தில் குறிப்பிடக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. இந்தப் பயிற்சி முதலில் கடினமாக இருக்கும், ஆனால் மீதி எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம்.

1998இல் ஹிடியோ நகாடா இயக்கிய ஜப்பானியப் படமான 'ரிங்கு'வை எடுத்துக்கொள்வோம். தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து நீண்ட கூந்தலோடு ஊர்ந்து வரும் பெண்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறாள். ஆனால் அச்சத்தின் வேர் அவள் அல்ல. ஒரு ஒளிநாடாவைப் பார்த்த குற்றத்துக்காகவே ஏழு நாட்களில் சாவு வரும் என்பதும், தப்ப வேண்டுமானால் அதை இன்னொருவருக்குக் காட்டித்தான் ஆக வேண்டும் என்பதுமே நம்மைத் தொந்தரவு செய்கின்றன. 2002இல் கோர் வெர்பின்ஸ்கி அமெரிக்காவில் 'தி ரிங்' என்று இதை மீண்டும் எடுத்தபோது நிலப்பரப்பை மாற்றினார், நிறத்தை நீலப் பச்சையாகக் குளிரவைத்தார், கப்பலில் மிரண்டு ஓடும் குதிரையைச் சேர்த்தார், மூலத்தில் புதிராக விட்டவற்றுக்குக் கூடுதல் விளக்கமும் தந்தார். இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் அந்தக் கொடிய விதியில் மட்டும் அவர் கைவைக்கவில்லை. அதனால்தான் படம் நிற்கிறது.

வேர் அப்படியே இருக்க, இடம் மாறுவதால் படம் புதிதாவதற்கு மிகச் சிறந்த சான்று 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்'. நம் அருகில் இருப்பவர் அதே முகத்தோடு வேறொருவராக மாறிவிட்டார் என்பதே அதன் அச்சம். 1956இல் டான் சீகல் அதை ஒரு சிற்றூரில் வைத்தார். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், எனவே மாற்றம் உடனே உறுத்துகிறது. 1978இல் பிலிப் காஃப்மன் அதையே சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே அண்டை வீட்டார் ஏற்கெனவே அந்நியர்தான், ஆகவே யார் மாறினார், யார் மாறவில்லை என்று கண்டுபிடிக்கவே வழியில்லை. அதே அச்சம் இரண்டு வகை வாழ்க்கைகளில் இரண்டு வேறு விதமாக வேலை செய்கிறது.

ஒரே காட்சியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தல்

அடுத்த வேலை, இரண்டு படங்களிலும் இடம்பெறும் ஒரு முக்கியக் காட்சியைத் தேர்ந்து அடுத்தடுத்துப் பார்ப்பது. இதற்கு 'மணிச்சித்ரதாழ்' குடும்பத்தைப் போன்ற பாடநூல் இந்திய சினிமாவில் வேறில்லை. கன்னடத்தில் 2004இல் 'ஆப்தமித்ரா', தமிழில் அடுத்த ஆண்டே 'சந்திரமுகி' என இரண்டையும் பி. வாசு இயக்கினார், 2007இல் இந்தியில் 'பூல் புலையா'வை இயக்கிய பிரியதர்ஷன், மூலப் படத்திலேயே இரண்டாம் பிரிவு இயக்குநர்களில் ஒருவராக வேலை செய்தவர்.

கணவன் வெளியே போக வேண்டாம் என்று சொல்ல, மனைவி நிறம் மாறி ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்கும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். மூலத்தில் சோபனா நடித்ததில், கட்டில் தரையைவிட்டு எழுவதற்கு முன்பே மாற்றம் முடிந்துவிடுகிறது. கண்ணும் குரலும் நொடிக்கு நொடி விலகிப் போவதை நாம் செய்வதறியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த நடிப்புக்கு அவர் தேசிய விருது பெற்றார். 'சந்திரமுகி'யில் ஜோதிகாவின் நடிப்பு அகலமானது. விரிந்த விழிகளும் உயர்ந்த குரலும் பின்னணி இசையும் சேர்ந்து பெரிய திரையரங்கின் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும் என்று அமைக்கப்பட்டவை. ஒன்றைத் தாழ்த்தி மற்றதை உயர்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த இடத்தில் உங்கள் உடல் முதலில் சிலிர்த்தது, கட்டிலுக்கு முன்பா பின்பா என்று கவனித்தால், இரண்டு இயக்குநர்களும் அச்சத்தை எங்கே வைத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கதையின் வேரை நான் இப்படி எழுதுவேன்: தினமும் அருகில் உறங்கும், நேசிக்கும் ஒருவரை நாம் உண்மையில் அறியவே இல்லை. அந்த அறியாமை வெளிப்படும் கருவி மொழி. மனைவி தன்னை அவளாகவே எண்ணிக்கொள்ளும், எப்போதோ இறந்துபோன நாகவல்லி, மலையாளத்தில் தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ் நடனக்காரி, தமிழிலும் கன்னடத்திலும் அவள் தெலுங்கு பேசுகிறாள், இந்தியில் வங்காளம். பழகிய வாயிலிருந்து பழகாத மொழி வர வேண்டும் என்பதை எல்லா மறுஆக்கங்களும் சரியாகப் புரிந்துகொண்டன. ஆனால் தமிழர் மூலப்படத்தைப் பார்க்கும்போது வேறொன்றும் நிகழ்கிறது. மலையாளிக்கு அச்சமூட்ட வேண்டிய மொழி நமக்குத் தாய்மொழி. ஆகவே நாகவல்லி பேசத் தொடங்கியதும் நமக்குப் பயத்தைவிடத் துயரமே மேலெழுகிறது, ஊரைவிட்டுக் கொண்டுவரப்பட்டு அடைத்துவைக்கப்பட்ட நம்மூர்ப் பெண்ணின் குரலாக அது கேட்கிறது. மூலத்தைத் தேடிப் பார்க்கும் தமிழருக்கு மட்டுமே கிடைக்கும் அனுபவம் இது. அந்தப் படம் 2024இல் புதுப்பிக்கப்பட்ட பிரதியாக மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது.

சேர்க்கப்பட்டவற்றையும் இதே அளவுகோலால் பாருங்கள். மூலத்தில் மோகன்லாலின் மனநல மருத்துவர் பாத்திரம் கதை வெகுதூரம் நகர்ந்த பிறகே வருகிறது. அதுவரை அந்த வீட்டில் நமக்குக் காவல் யாரும் இல்லை. 'சந்திரமுகி'யில் ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே சண்டையோடும் பாட்டோடும் வந்துவிடுகிறார். அவர் இருக்கும்போது தீங்கு நேராது என்று நாம் நம்புகிறோம், அந்த நம்பிக்கை அச்சத்தைத் தளர்த்துகிறது. மாளிகைக்குள் அவ்வப்போது தோன்றும் பெரும் பாம்பு இன்னொரு சேர்க்கை. மனநோய் என்ற விளக்கத்தின் கூர்மையை அது மழுங்கச் செய்கிறது. சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களைத் தாண்டி ஓடிய அந்தப் படத்தின் கொண்டாட்டத்தை நானும் மனமார ரசிக்கிறேன். எனினும் திகில் படமாக அது முழு வலிமை பெறுவது, ஜோதிகா ஆடத் தொடங்கும் இறுதிப் பகுதியில்தான்.

மாற்றத்துக்குக் காரணம் கேட்டல்

ஒவ்வொரு பெரிய மாற்றத்திடமும் "நீ எதற்காக?" என்று கேளுங்கள். 1951இன் 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்' படத்தில் வேற்றுலக உயிர் வெளியே நிற்கும் எதிரி. மனிதர்கள் ஒன்றுகூடி அதை எதிர்க்கிறார்கள். 1982இல் ஜான் கார்பென்டர், அந்தப் படத்தைவிட அதற்கு மூலமான 1938ஆம் ஆண்டின் கதைக்கு நெருக்கமாகச் சென்று, யார் உருவத்தையும் எடுத்துக்கொள்ளக் கூடிய உயிராக அதை மாற்றினார். அண்டார்டிக் பனியில் அடைபட்ட ஆண்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். சூடான கம்பியைக் குருதியில் வைத்துச் சோதிக்கும் காட்சியில் அந்தச் சந்தேகம் உச்சத்தைத் தொடுகிறது. அதேபோல 'தி ஃப்ளை'யில், 1958இல் ஒரே கணத்தில் நிகழ்ந்துவிடும் உருமாற்றத்தை 1986இல் டேவிட் குரோனன்பெர்க் மெதுவாக உடலைத் தின்னும் நோயாக மாற்றினார். அன்புக்குரியவர் கண்ணெதிரே சிதைவதைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்தப் படத்தின் துயரம் உடனே புரியும்.

2020இல் லீ வானெல் 'தி இன்விசிபிள் மேன்' கதையைக் கண்ணுக்குத் தெரியாதவனின் பக்கமிருந்து எடுத்து, அவனிடமிருந்து தப்பி வந்த பெண்ணின் பக்கத்தில் வைத்தார். கேமரா ஆளில்லாத மூலையை நோக்கித் திரும்பி அங்கேயே நிற்கும்போது, வெறும் நாற்காலியே நம்மை நடுங்க வைக்கிறது. காரணமுள்ள மாற்றம் என்றால் இதுதான். இதற்கு எதிர்முனையில், 1998இல் கஸ் வான் சான்ட் 'சைக்கோ'வை ஏறக்குறைய ஒவ்வொரு ஷாட்டாக வண்ணத்தில் திரும்ப எடுத்தார். ஷாட்டுகள் வந்தன, அச்சம் வரவில்லை.

கார்பென்டரின் படம் வெளியானபோது வசூலிலும் விமர்சனத்திலும் அடிவாங்கியது என்பதையும் நினைவில் வையுங்கள். அன்பான வேற்றுலக உயிரைப் பற்றிய 'ஈ.டி.' வெளியாகி இரண்டு வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. முதல் வாரத் தீர்ப்பை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முடிவும் முகமும்

மறுஆக்கங்கள் அதிகம் தடுமாறும் இடம் முடிவு. ஜார்ஜ் ஸ்லைசர் தம்முடைய 1988ஆம் ஆண்டுப் படத்தையே 1993இல் ஹாலிவுட்டில் 'தி வானிஷிங்' என்று மீண்டும் இயக்கியபோது முடிவை மாற்றினார். மூலம் மறக்க முடியாததாக இருப்பதற்குக் காரணமே அதன் முடிவுதான். அண்மைக் காலத்தில் 'ஸ்பீக் நோ ஈவில்' இதே கேள்வியை எழுப்புகிறது. 2022ஆம் ஆண்டு டேனிஷ் படத்தின் வேர், விருந்தினராகப் போன இடத்தில் நாகரிகம் கருதி மறுப்புச் சொல்ல முடியாமல் போவது. 2024இல் ஜேம்ஸ் மெக்காவோய் நடித்த படம் அந்த நெருக்கடியை நெடுநேரம் மிக நன்றாகக் காப்பாற்றி, கடைசிப் பகுதியில் வேறு வழியில் திரும்புகிறது. எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்களும் எழுதும்போது சொல்லாதீர்கள். அந்த முடிவு வேரிலிருந்து வளர்ந்ததா, பார்வையாளரை ஆறுதலோடு வீட்டுக்கு அனுப்புவதற்காகச் சேர்க்கப்பட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடிகரின் முகம் நமக்கு எவ்வளவு பழக்கமானது என்பதும் அச்சத்தின் பகுதியே. 2023இன் குஜராத்திப் படமான 'வஷ்', 2024இல் இந்தியில் 'ஷைத்தான்' ஆனது. அந்நியன் ஒருவனின் வசியத்துக்குள் சிக்கும் மகளாக இரண்டிலும் ஜான்கி போடிவாலாவே நடித்திருப்பதால், ஒரே நடிகையை இரு இயக்குநர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று நேரடியாகக் காணலாம். அந்நியனாக மூலத்தில் வருபவர் ஹிதேன் குமார், இந்தியில் மாதவன். அவரது புன்னகையோடு வளர்ந்த தமிழ்ப் பார்வையாளருக்கு, அதே புன்னகை ஒரு குழந்தையை ஆட்டிவைக்கப் பயன்படுவதைக் காண்பது கூடுதல் வேதனை. இருந்தும், தெரியாத முகங்களோடு வந்த குஜராத்திப் படமே எனக்கு அதிகக் கொடூரமாகத் தோன்றுகிறது, ஏனெனில் அங்கே யார் பிழைப்பார் என்று நட்சத்திர மதிப்பைக் கொண்டு ஊகிக்க முடியாது.

கருத்தை எழுதும்போது

மூலத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்க்காதவரின் கருத்துக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அது வேறு வகை மதிப்பு. எத்தனை இடங்களில் திடுக்கிட்டீர்கள் என்று எண்ண வேண்டாம். திடீர்ச் சத்தம் யாரையும் துள்ள வைக்கும். படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எது உங்களைப் பின்தொடர்ந்தது என்று எழுதுங்கள்.

கண்ணைக் கூர்மையாக்க, இன்னும் மறுஆக்கம் காணாத ஒரு புதிய படத்தை எடுத்துப் பயிற்சி செய்யலாம். ராகுல் சதாசிவன் 2024இல் கறுப்பு வெள்ளையில் எடுத்த 'பிரமயுகம்' இதற்கு ஏற்றது. 17ஆம் நூற்றாண்டு மலபாரில், பசியோடு வந்த பாணனுக்கு ஒரு பாழடைந்த மனையில் சோறு கிடைக்கிறது. சோறு போட்ட மம்மூட்டியின் பாத்திரம் அவனையே தனதாக்கிக்கொள்கிறது. அதன் வேரை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு இதைத் தமிழில் எடுத்தால் எந்த ஊரில், எந்தக் காலத்தில், எவருடைய வீட்டில் வைப்பீர்கள் என்றும், அந்த வீட்டுக்காரரின் அதிகாரம் சாதியிலிருந்து வருமா, நிலத்திலிருந்து வருமா, கடனிலிருந்து வருமா என்றும், வண்ணம் சேர்த்தால் எதை இழப்பீர்கள் என்றும் வரிசையாக எழுதிப் பாருங்கள்.