கல்யாண மண்டபத்து லைவுக்கு ராக் மானிட்டரும் ஸ்கோப்பும்: மாட்டுவதிலிருந்து முகத்தின் நிறம் வரை

மூன்று கேமரா, அவற்றுக்கிடையே மாற்றிக் காட்ட ஒரு வீடியோ மிக்ஸர், மண்டபத்துக்குள் பெரிய எல்ஈடி திரை, வெளியூர் சொந்தங்களுக்கு யூடியூப் லைவ் என்று வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராக்கில் (கருவிகளை அடுக்கி மாட்டும் சட்டத்தில்) மாட்டும் இரட்டைத் திரை மானிட்டரையும், படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து கோடுகளாகக் காட்டும் ஸ்கோப்பையும் வாங்கி வைத்துவிட்டு, ஸ்கோப்பில் ஓடுகிற கோடுகள் பக்கம் திரும்பாமலே கண்ணை நம்பிக் கலர் சரிசெய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கண்ணை நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மஞ்சள் விளக்கு எரிகிற மேடையைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்தால் கண் அந்த மஞ்சளையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் போடுகிற ஒவ்வொரு கலரும் அந்தப் பக்கம் சாயும், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஸ்கோப் அப்படிப் பழகிப்போவதில்லை.

முதலில் மாட்டுகிற வேலை. 19 இன்ச் ராக்கில் ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர் உயரம். பிளாக்மேஜிக் ஸ்மார்ட்ஸ்கோப் டியோ மாதிரி இரண்டு 8 இன்ச் திரை பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற யூனிட்டுக்கு 3 யூ வேண்டும், அதாவது 13 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஃபிளைட் கேஸ் வாங்கும்போது உயரத்தோடு ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள், பின்னால் பிஎன்சி கனெக்டரும் (வீடியோ கேபிளைத் திருகிப் பூட்டும் வட்ட முனை) கேபிள் வளைவும் சேர்ந்து கையகல இடம் கேட்கும். யூபிஎஸ் அடியில், மிக்ஸர் நடுவில், மானிட்டர் மேலே. மிக்ஸருக்கு மேல் ஒரு யூ காலியாக விட்டு ஓட்டை போட்ட தகட்டை மாட்டினால் சூடு வெளியேறும். எங்கள் ஊர் மண்டபங்களில் சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கு ஏசி இல்லாத மூலையில்தான் நமக்கு இடம் தருவார்கள், அந்த ஒரு யூவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். திருகாணி நான்கையும் முதலில் தளர்வாகப் போட்டுவிட்டு, கீழ் இரண்டை முதலில் இறுக்கி, பிறகு மேல் இரண்டை இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கேஜ் நட் (ராக்கின் சதுர ஓட்டையில் செருகும் நட்) விலகி நிற்கும், திருகாணி மரை போய்விடும்.

கேஸைத் தரையில் வைத்து மேலிருந்து குனிந்து பார்க்காதீர்கள். விலை குறைந்த எல்சிடி திரைகளில் பார்க்கும் கோணம் மாறினால் கறுப்பு வெளுத்துத் தெரியும், உடனே நீங்கள் கேமராவில் கறுப்பைக் குறைப்பீர்கள், லைவில் மாமாவின் தலைமுடியும் பின்னணித் திரையும் ஒரே இருட்டாகப் போய்விடும். மேஜை மேல் ஏற்றுங்கள். உட்கார்ந்தால் திரை கண்ணுக்கு நேராக இருக்கட்டும்.

கரன்ட் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். மிக்ஸர் ராக் ஒரு பிளக்கில், ஜிம்மி ஜிப் (நீளக் கையில் ஏறி இறங்கும்) கேமரா மேடைப் பக்கம் டெக்கரேஷன்காரர் கொடுத்த வேறொரு பிளக்கில், நடுவில் 40 மீட்டர் எஸ்டிஐ கேபிள் (டிஜிட்டல் வீடியோ போகும் கேபிள்) என்று இருந்தால், இரண்டு பக்கத்து எர்த்துக்கும் இடையில் உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தால் அந்தக் கேபிளின் வெளிக்கம்பி வழியாகக் கரன்ட் ஓடும். ஒரு முறை ஜெனரேட்டருக்கு மாறிய நிமிடத்தில் என் மானிட்டரின் ஒரு உள்ளீடு செத்தது, பிஎன்சியைத் தொட்டவன் கையை உதறினான். அன்றிலிருந்து எல்லாக் கேமராவுக்கும் ராக்கிலிருந்தே கரன்ட் போகிறது. எர்த் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்ப்பேன், எல்லாப் பெட்டிக்கும் பிளக் போட்டு எர்த் சேர்ந்த பிறகுதான் எஸ்டிஐ கேபிளைச் செருகுவேன். அடாப்டரின் மூன்றாவது கம்பியான எர்த்தை வெட்டி ஹம் சத்தத்தைப் போக்குகிற வழக்கம் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

கேபிள் 75 ஓம் ஆக இருக்க வேண்டும். கடையில் 'பிஎன்சி கேபிள்' என்று கேட்டால் சிசிடிவிக்கு விற்கிற மெலிந்த கேபிளைத் தருவார்கள். பழைய அனலாக் கேமராவுக்கு அது போதும். எச்டி எஸ்டிஐ விநாடிக்கு 1.485 கிகாபிட், 1080பி50 (விநாடிக்கு 50 முழுப் படம்) ஓடுகிற 3ஜி எஸ்டிஐ 2.97 கிகாபிட். அந்த வேகத்தில் கேபிளும் கனெக்டரும் மட்டமாக இருந்தால் சிக்னல் பாதி வழியிலேயே தேய்ந்துவிடும். அதிலும் டிஜிட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடாது, கடைசி வரை பளிச்சென்று இருந்துவிட்டு, இரண்டு மூன்று புள்ளிகள் மின்னும், அப்புறம் திரை கறுப்பு. ஒரு புள்ளி மின்னியதைப் பார்த்தாலே கேபிளை மாற்றுங்கள், தாலி கட்டும் நேரம் வரை அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இனி எதை எங்கே செருகுவது. மிக்ஸரின் மல்டிவியூ (எல்லாக் கேமராவும் ஒரே திரையில் தெரிவது) நாம் பார்க்கிற பெரிய மானிட்டருக்குப் போகட்டும். ராக் மானிட்டரின் ஒரு திரைக்குப் புரோகிராம் (இப்போது வெளியே போகிற படம்), இன்னொன்றுக்குப் பிரிவியூ (அடுத்துப் போகப்போகிற படம்). ஸ்கோப்புக்கு மட்டும் மிக்ஸரின் ஆக்ஸ் வெளியீட்டை (வேண்டிய கேமராவைத் தனியாகத் தேர்ந்து அனுப்பும் துணை வெளியீடு) கொடுங்கள், அப்போதுதான் ஒளிபரப்பைத் தொடாமல் கேமரா 1, 2, 3 என்று ஒவ்வொன்றாக ஸ்கோப்பில் போட்டுப் பார்க்க முடியும். ஸ்கோப்பின் இடது திரையிலிருந்து வருகிற லூப் வெளியீட்டை (உள்ளே வந்த சிக்னலையே மறுபடி வெளியே தருவது) வலது திரையின் உள்ளீட்டில் செருகினால் ஒரே படத்துக்கு இடதில் பரேடும் (சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு தனித்தனியாக) வலதில் வெக்டர்ஸ்கோப்பும் (நிறம் எந்தத் திசையில், எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் வட்டம்) கிடைக்கும். லூப் இருக்கிறதே என்று எல்ஈடி திரைக்கோ ரெக்கார்டருக்கோ போகிற சிக்னலை மானிட்டர் வழியாக இழுக்காதீர்கள். நிறைய எஸ்டிஐ மானிட்டர்களில் கரன்ட் போனால் லூப்பும் போய்விடும், யாரோ காலால் ஒரு அடாப்டரைத் தட்டினால் மண்டபமே இருட்டைப் பார்க்கும்.

படம் வரவில்லையா? முதலில் ஃபார்மட்டைப் பாருங்கள். நம் ஊரில் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் எல்லாக் கேமராவும் 50 குடும்பத்தில் இருக்க வேண்டும், 1080ஐ50 என்றால் எல்லாமே அதுதான், ஷட்டர் 1/50 அல்லது 1/100. ஒருவர் கேமரா மட்டும் 59.94இல் வந்திருந்தால் டியூப் லைட் துடிப்பு படத்தில் பட்டையாக ஓடும். 1080பி50இல் கேமரா வேலை செய்கிறது, மிக்ஸரில் படம் வருகிறது, மானிட்டர் மட்டும் கறுப்பு என்றால் 3ஜியில் சிக்னலை அடுக்குவதற்கு லெவல் ஏ, லெவல் பி என்று இரண்டு முறை இருக்கிற வித்தியாசத்தைச் சந்தேகியுங்கள், மெனுவில் மாற்றினால் பெரும்பாலும் வந்துவிடும்.

மானிட்டரை ஒழுங்குபடுத்த மிக்ஸரிலிருந்து கலர் பார் அனுப்புங்கள். எஸ்எம்பிடிஇ வகைப் பார் என்றால் அடியில் கறுப்புப் பகுதிக்குள் மெல்லிய பட்டைகள் இருக்கும். கறுப்பை விடச் சற்று வெளிச்சமான பட்டை மட்டும் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத் தெரிய வேண்டும், கறுப்பை விட இருண்ட பட்டை கறுப்போடு கறுப்பாக மறைய வேண்டும். பிரைட்னஸை அங்கே நிறுத்துங்கள். மண்டபத்து விளக்கு முழுவதும் எரியும்போது இதைச் செய்யுங்கள், வேலை அந்த வெளிச்சத்தில்தானே நடக்கப்போகிறது. இந்த 8 இன்ச் திரைகளைக் கலர் முடிவெடுக்கிற திரையாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஃபிரேம், ஃபோகஸ், கேமரா உயிரோடு இருக்கிறதா, இவ்வளவுக்குத்தான் அவை. கலருக்கு ஸ்கோப்.

சரி, ஸ்கோப்பைப் படிப்பது எப்படி? வேவ்ஃபார்மில் (வெளிச்சத்தின் அளவைக் காட்டும் வரைபடத்தில்) இடமிருந்து வலம் என்பது படத்தின் இடமிருந்து வலம்தான், கீழிருந்து மேல் என்பது வெளிச்சம். 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வெள்ளை. 10 பிட் கணக்கில் அது 64இலிருந்து 940 வரை. மேடையின் இடது ஓரத்து ஃபோகஸ் லைட் எரிந்து போயிருந்தால் வேவ்ஃபார்மின் இடது ஓரத்தில் ஒரு கூட்டம் 100க்கு மேல் போய்த் தட்டையாக நிற்கும். தட்டையாக நின்றால் அங்கே விவரம் போய்விட்டது, பிறகு எடிட்டிங்கிலும் திரும்ப வராது.

வெறும் லூமா (மொத்த வெளிச்சம்) வேவ்ஃபார்மை மட்டும் பார்த்தால் நம் கல்யாணத்தில் ஏமாந்துவிடுவீர்கள். எச்டியில் லூமா என்பது சிவப்பில் 21, பச்சையில் 72, நீலத்தில் 7 சதவீதம் சேர்ந்த கணக்கு. முழுச் சிவப்பு கூட லூமாவில் 21இல்தான் நிற்கும். அரக்குப் பட்டுப் புடவையை மேடை விளக்கில் எடுக்கும்போது லூமா "எல்லாம் பத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருக்க, சிவப்பு சேனல் உச்சியில் முட்டி நிற்கும், புடவையின் மடிப்பும் நெசவும் ஒரே சிவப்புப் பூச்சாகத் தெரியும். அதனால் இடது திரையில் ஆர்ஜிபி பரேடு வைத்திருங்கள், மூன்று நிறமும் தனித்தனியாக நிற்கும். சிவப்பு தட்டினால் ஐரிஸை (வெளிச்சம் நுழைகிற லென்ஸ் துவாரத்தை) அரை ஸ்டாப் மூடுங்கள், அல்லது கேமராவில் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) கொஞ்சம் இறக்குங்கள். பல ஆயிரம் கொடுத்து எடுத்த புடவை, அது புடவையாகத் தெரிய வேண்டும். சரிகை மட்டும் மின்னி 100ஐத் தாண்டினால் பரவாயில்லை, மின்னுவதுதான் அதன் வேலை.

கேமராக்களைப் பொருத்துவது இப்படி. முதலில் மூன்று கேமராவுக்கும் லென்ஸை மூடி, பரேடில் மூன்று நிறமும் 0க்குச் சற்று மேலே ஒரே மட்டத்தில் வரும்படி கறுப்பைச் சரிசெய்யுங்கள். அப்புறம் மேடையில் மணமக்கள் உட்காரும் இடத்தில், முகூர்த்தத்துக்கு எரியப்போகிற விளக்கு எரியும்போது, ஒருவரை வெள்ளை அட்டை பிடித்து நிற்கச் சொல்லி மூன்று கேமராவும் அதைப் பார்க்கட்டும். பரேடில் அட்டையின் மூன்று கோடும் ஒரே உயரத்துக்கு வர வேண்டும், வெக்டர்ஸ்கோப்பில் புள்ளி நடுவில் உட்கார வேண்டும். 18 சதவீதச் சாம்பல் அட்டை இருந்தால் அது 41 அருகில் நிற்கட்டும். அட்டைக்குப் பதில் யாரோ ஒருவருடைய வேட்டியில் ஒயிட் பேலன்ஸ் எடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வேட்டி சொட்டு நீலம் போட்டு வெளுத்தது, கேமரா அந்த நீலத்தை வெள்ளையாக்கப் பார்க்கும், படம் முழுக்க மஞ்சள் அடிக்கும்.

இப்போது முகம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். பழைய பாடங்கள் எல்லாம் முகம் 70இல் இருக்கட்டும், ஜீப்ராவை (குறித்த வெளிச்சத்தை எட்டிய இடத்தில் கோடு காட்டும் வசதியை) 70இல் வை என்று சொல்லும். அது வெளுத்த தோலை வைத்து எழுதிய எண். நம் மாப்பிள்ளையின் முகத்தை 70க்கு ஏற்றினால் அது அவருடைய முகமே இல்லை, பக்கத்தில் உள்ள வேட்டியும் எரிந்துபோகும். மாநிறத்துக்கு முகத்தில் வெளிச்சம் படுகிற பக்கம் 45இலிருந்து 55, கறுத்த தோலுக்கு 35இலிருந்து 45, வேட்டி 85 வாக்கில், இப்படித்தான் நான் வைக்கிறேன். ஒரு வரவேற்பில் மணப்பெண்ணின் சித்தப்பா ராக் பக்கம் வந்து, "தம்பி, எங்க பொண்ணு முகம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு, உடம்பு சரியில்லாத மாதிரி தெரியுதே" என்று கேட்டார். பார்த்தால் முகம் 72. ஐரிஸை மூடி 50க்குக் கொண்டுவந்ததும் அவர் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டுப் போனார். முகத்தை வெளுக்கச் சொல்லிக் கேட்கிறவர்களும் வருவார்கள். அவர்களிடம் நான் முகத்துக்கு ஒரு மெல்லிய விளக்கு கூடப் போடலாம் என்று சொல்வேன், கேமராவில் நிறத்தை மாற்ற மாட்டேன்.

எவ்வளவு வெளிச்சம் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும், எந்தத் திசையில் நிறம் என்பது அவ்வளவாக மாறாது. வெக்டர்ஸ்கோப்பில் சிவப்புப் பெட்டிக்கும் மஞ்சள் பெட்டிக்கும் நடுவே, கடிகாரத்தில் 11 மணி முள் நிற்கிற திசையில் ஒரு கோடு இருக்கும். சிவந்தவர், மாநிறம், கறுத்தவர் யாராக இருந்தாலும் தோல் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். கேமராவை முகத்துக்கு நெருக்கி ஜூம் செய்து பாருங்கள். கோட்டைத் தாண்டிப் பச்சை, மஞ்சள் பக்கம் போனால் டியூப் லைட் கலந்திருக்கிறது, சிவப்பைத் தாண்டி மஜென்டா பக்கம் போனால் டெக்கரேஷன் எல்ஈடி முகத்தில் விழுகிறது. நலங்கில் மஞ்சள் பூசிய முகம் மஞ்சள் பக்கம்தான் சாயும். அது நிஜ மஞ்சள், அதைத் திருத்தக் கூடாது.

சாயங்கால வரவேற்பில் ஊதா, நீல விளக்குகளைப் போடுவார்கள். முழு நீலம் லூமாவில் 7இல்தான் இருக்கும் என்பதால் படம் இருட்டாகத் தோன்றும், ஐரிஸைத் திறப்பீர்கள், நீல சேனல் எரிந்துபோகும். இதற்குக் கேமராவில் மருந்து இல்லை. விளக்குக்காரரிடம் போய் மணமக்கள் முகத்துக்கு மட்டும் ஒரு வெள்ளை விளக்கு கேளுங்கள், பின்னணி எந்த நிறத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும். லேப்டாப்பிலிருந்து சின்ன வயசு ஃபோட்டோ ஸ்லைடு ஓடுகிறது என்றால் அதையும் ஒரு முறை ஸ்கோப்பில் போட்டுப் பாருங்கள். எச்டிஎம்ஐயில் ஃபுல் ரேஞ்ச் என்று வைத்திருந்தால் படம் 0க்குக் கீழும் 100க்கு மேலும் நீட்டி நிற்கும், கறுப்பு அடைந்துபோகும். கிராஃபிக்ஸ் செட்டிங்கில் லிமிடெட் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

எல்லாம் முடிந்து கழற்றும்போது வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எஸ்டிஐ கேபிள்களை முதலில் கழற்றி, கரன்ட் பிளக்குகளைக் கடைசியில் பிடுங்குங்கள். மானிட்டர் திரைக்கு மேல் ஒரு பழைய துண்டை மடித்து வைத்து கேஸ் மூடியைப் போடுங்கள், வேனில் கேமரா பேட்டரி உருண்டு வந்து கண்ணாடியில் இடிக்கும்.